பட்டா யாருக்கு, அனுபவம் யாருக்கு

சொத்துரிமை புனிதமானது என்று எழுதிய பழமைவாதச் சிந்தனையாளர்களை நம்மில் பலர் படிப்பதில்லை. ‘அது ஆண்டைங்களோட தத்துவம், அதுல நமக்கு என்னா கெடக்கு’ என்று தோழர் ஒருவர் சொன்னார். எனக்கென்னவோ அவர்களைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்று படுகிறது. எதிரி எந்த வாயால் பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள மட்டுமல்ல, சொத்து ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்று அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மையும் இருக்கிறது.

அவர்கள் சொல்வது இதுதான். தனக்கென்று ஒரு துண்டு நிலம் இருப்பவன் பிறர் முகம் பார்த்துப் பிழைக்க வேண்டியதில்லை. அரசாங்கமே வந்தாலும் ‘இது என்னுது’ என்று வாசலில் நிறுத்திப் பேசலாம். பிள்ளைக்கு விட்டுப்போக ஒன்று இருப்பதால் நாளைய தினத்தைப் பற்றி யோசிப்பான். பிரிட்டனில் நோயல் ஸ்கெல்டன் என்ற கன்சர்வேடிவ் கட்சிக்காரர் 1923-இல் ‘சொத்துடையோர் சனநாயகம்’ என்று இதற்கு ஒரு பெயரே வைத்தார். 1980-இல் மார்கரெட் தாட்சரின் அரசு, உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அந்த வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளச் சட்டம் செய்தது. குடியிருப்பவனை உடையவனாக்கினால் ஓட்டு நமக்கு விழும் என்கிற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டும். சொத்து ஆளை நிமிர்த்தும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சேரியில் பிறந்தவர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லாமையின் வழியாக நமக்கு அது தெரியும். அடுத்தவன் பட்டாவில் குடிசை போட்டிருப்பவன் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க முடியாது. விரும்பிய சின்னத்தில் குத்த முடியாது. ஊருக்கும் சேரிக்கும் தகராறு வந்தால் முதலில் வருகிற கட்டளை ‘என் வரப்புல கால வைக்காதே’ என்பதுதான். சுற்றிலும் அவன் வரப்பு. ஆடு மேய வழியில்லை, பெண்கள் வெளிக்குப் போக வழியில்லை, பிணத்தைத் தூக்கிப்போக வழியில்லை. யாரும் கம்பு எடுக்காமலே, எந்தச் சட்டத்தையும் மீறாமலே, ஒரு சேரியை மூன்று நாளில் மண்டியிட வைத்துவிடலாம். தனிச்சொத்துக்கு எவ்வளவு பலம் என்று பழமைவாதிகளைக் காட்டிலும் நமக்குத் தெரியும் என்பது இதனால்தான்.

நான் கேட்க விரும்புவது வேறு. சொத்து புனிதம் என்றால் எந்தச் சொத்து? காகிதத்தில் உள்ளதா, கையில் உள்ளதா?

இந்தப் பள்ளியின் பெரிய ஆசான் எட்மண்ட் பர்க். இந்தியாவில் கம்பெனி அடித்த கொள்ளைக்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது வழக்கு நடத்தியவர் என்பதால் அவரை ஒரேயடியாகக் கொடியவர் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1789-இல் தேவாலய நிலங்களை எடுத்துக்கொண்டபோது அவர் பதறிப்போனார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் அந்தப் பதற்றத்தைக் காணலாம். பர்க்கின் வாதத்தை நம் சொற்களில் சொன்னால்: ஆரம்பத்தில் ஒரு நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்று தோண்டாதே. அடிதடியால் வந்திருக்கலாம். பல தலைமுறை கையில் இருந்தால் காலம் அதைக் கழுவிவிடும். நீண்டகால அனுபவமே எல்லாவற்றிலும் உறுதியான ஆதாரம்.

நான் இதைப் படித்தபோது, இதை ஏற்கனவே கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. லண்டனில் இல்லை, எங்கள் தாலுகா அலுவலகத்தில்.

சில வருசங்களுக்கு முன்னால் அங்கே ஓர் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. விசயம் இரண்டு. ஒன்று, எங்கள் குடும்பம் உட்பட ஏழு குடும்பங்களின் பஞ்சமி நிலம். எங்களுடையது 1 ஏக்கர் 40 செண்டு, ஆயா அதை ‘டீசி கொல்லி’ என்பாள். இப்போது ஊர்த்தெருவில் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் வந்திருந்தார். மோசமான ஆள் என்று சொல்லமாட்டேன். தாசில்தாரை ‘சார்’ என்றார், என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வயதில் அப்பா மூத்தவர். என்னிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, ‘எம்.ஏ. படிச்ச பொண்ணு நீ, ஒனக்குத் தெரியாததா’ என்று ஆரம்பித்தார்.

‘மூணு தலமொறையா நாங்க பயிர் வச்சிகினு வர்றோம். கெணறு வெட்டுனது நாங்க. கரண்டு இழுத்தது நாங்க. நூறு வருசத்துக்கு முந்தின காயிதத்த இப்பத் தூக்கிகினு வந்து எறங்குன்னா எப்பிடிம்மா? ஞாயமா சொல்லு.’

பர்க் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது விசயத்தை எடுத்தார்கள். சேரியின் கிழக்குத் தெருவில் பதினாலு வீடுகள் நிற்கிற இடம் அதே பெரியவரின் பங்காளி பட்டா. மனை போடுகிற கம்பெனிக்கு விற்பதற்காகக் காலி செய்யச் சொல்கிறார்கள். அந்த வீடுகளில் பிறந்தவர்களுக்கே அறுபது வயது ஆகிறது. இப்போது அதே பெரியவர், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: ‘எத்தன வருசம் இருந்தா என்னா சார்? பட்டா யார் பேர்ல இருக்குதுன்னு பாருங்க. காயிதந்தான் பேசணும்.’

ஒரு மணி நேர இடைவெளி. முதலில் காயிதம் செல்லாது, அனுபவம் செல்லும். அப்புறம் அனுபவம் செல்லாது, காயிதம் செல்லும். அந்த அறையில் யாருக்கும் இது உறுத்தவில்லை. பர்க் நேர்மையான ஆளாக வந்திருந்தால் அந்தப் பதினாலு வீட்டுக்கும் சாட்சி சொல்லியிருக்க வேண்டும். விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. எங்கள் கிழக்குத் தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் பஞ்சமி நிலத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இளைய தோழர்கள் பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரிகிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரருக்கு முன்னுரிமை. சேரி ஆள் ஒருவன் மனுப்போட்டால் உடனே மிராசுதாரர் ‘எனக்கு வேணும்’ என்பார், கதை முடிந்தது. சேரி மனைகூட மிராசு பாத்தியத்தில் சேர்ந்தது என்பார்கள். இதெல்லாம் விசாரணையில் வெளியே வந்தது. 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை எண் 1010 பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம், அதற்கு நிபந்தனை: முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கொடுக்கலாம். வேறு எவர் வாங்கினாலும் செல்லாது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாக இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

கவனியுங்கள். இது ஒப்பந்தம். அரசு எழுதிக் கொடுத்த நிபந்தனைப் பட்டா. ஒப்பந்தம் புனிதம், பட்டயம் புனிதம், எழுதிக் கொடுத்ததை அரசே மீறக்கூடாது என்று மூன்று நூற்றாண்டாகச் சொல்லிவருகிற தத்துவம் எது? பழமைவாதம்தானே? அப்படியானால் பஞ்சமி நில மீட்புக்கு முதல் ஆளாகக் கொடிபிடிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நாம் நிலப்பறிப்பா கேட்கிறோம்? நிலம் எங்கள் பேரில் எழுதப்பட்டிருக்கிறது, அந்த எழுத்தை மதி என்கிறோம். சொத்துரிமைக்காரன் கேட்பதைத்தான் கேட்கிறோம். 1994-இல் இதைக் கேட்டதற்கு என்ன கிடைத்தது? காரணை பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றியதை எதிர்த்து அந்த அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். சொத்துரிமைக்காக இந்த நாட்டில் உயிர்விட்டவர்களின் பட்டியலை எந்தப் பழமைவாதியாவது எழுதினால் இந்த இரண்டு பெயரையும் சேர்ப்பாரா?

நிலம் எப்படிப் போனது என்று ஆயாவைக் கேட்டதுண்டு. ஒரு சாவுச் செலவுக்கு இரண்டு மூட்டை கேழ்வரகும் கொஞ்சம் பணமும் வாங்கியிருக்கிறார் தாத்தா. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு. போக்கியம் என்றார்கள், அது திரும்பவே இல்லை. ‘போக்கியம் செல்லாதுன்னு சட்டம் இருக்குதே ஆயா, யாரும் சொல்லலையா’ என்றேன். ஆயா சிரித்தாள். ‘நெலம் நம்பளுதுதான். மாடு அவுங்குளுது, ஏரு அவுங்குளுது, வெத அவுங்குளுது, தண்ணி அவுங்குளுது. அப்பொறம் அந்த நெலத்த வச்சிகினு ஒங்க தாத்தா என்னாத்தடா பண்ணுவாரு?’ பெண்பிள்ளையையும் ‘டா’ போட்டுத்தான் பேசுவாள்.

பட்டா மட்டும் இருந்தால் போதாது என்பதை ஆயா சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன். சொத்துடைமைத் தத்துவக்காரர்கள் ஒரு துண்டு நிலத்தைத் தனியாகப் பிய்த்துவைத்துப் பேசுகிறார்கள். நிலத்தோடு தண்ணியும் கடனும் வழியும் சாதியும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பேசுவதில்லை.

தமிழ் படித்த புத்தி, சொல்லில் போய் நிற்கிறது. வருவாய்த்துறைத் தமிழில் நிலத்தைக் கையில் வைத்திருப்பதற்கு ‘அனுபவம்’ என்று பெயர். பட்டா ஒருவருக்கு, அனுபவம் ஒருவருக்கு. ‘எதிரிடை அனுபவம்’ என்றும் உண்டு: 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டு, அரசு நிலத்தை முப்பது ஆண்டு உடையவரின் உரிமைக்கு எதிராகத் தன்னுடையதாக வைத்திருந்தால் பாத்தியம் கோரலாம். தலித் அனுபவம், தலித் அனுபவம் என்று இலக்கியத்தில் முப்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தாலுகா அலுவலகத்துப் பதிவேட்டில் அனுபவம் அவர்களுக்குத்தான்.

இன்னும் பின்னால் போனால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. மொத்த நிலத்தில் வரி வாராத நிலத்தைக் கழிக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் வரும், தீண்டாச்சேரியும் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நாம் நிலக்கணக்கில் இடம்பெற்றது ஒரு கழித்தல் இனமாக. பெரியபுராணத்து நந்தனாருக்குப் ‘பறைத்துடவை’ என்று ஒரு மானியம் இருந்தது. அது செய்யும் தொழிலுக்காக ஊர் விட்ட நிலம். தொழிலை விட்டால் நிலமும் போகும். அதைச் சொத்து என்று சொல்லமுடியுமா? சங்கிலியின் மறுமுனை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

‘உழைப்பவனுக்கே நிலம்’ என்பது கம்யூனிஸ்டுகளின் முழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் மூத்த வடிவம் ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. லாக் தாராளவாதி, ஆனாலும் பழமைவாதிகள் சொத்துக்கு நியாயம் சொல்ல அவரிடம்தான் போவார்கள். பொதுவாய்க் கிடக்கும் மண்ணில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்றார். அப்படியென்றால் காவிரிப் படுகை முழுக்க யாருடையது? பள்ளரும் பறையரும் கலந்த உழைப்பு எத்தனை நூற்றாண்டு? ஆனால் அதே அத்தியாயத்தில் லாக் ஒரு சின்ன வாக்கியத்தைச் செருகிவைத்திருக்கிறார். என் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் என் உழைப்பாகவே சேரும், என்னுடைய சொத்தாகும் என்பது அதன் பொருள். குதிரை மேய்ந்த புல்லோடு சேர்த்து இதையும் சொல்கிறார். பண்ணையாளின் கை ஆண்டையின் கைதான். இதை எங்கள் ஊர்ப் பெரியவரும் சொன்னார், ‘கெணறு வெட்டுனது நாங்க’ என்று. அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர்.

தமிழ்நாட்டில் இந்தத் தத்துவத்துக்குக் கட்சி கட்டியவர் ராஜாஜி. 1959-இல் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினூ மசானி எல்லாரும் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்கள். விவசாயியின் நிலத்தை அரசு பிடுங்கப்போகிறது என்பது அவர்களின் அபாயச் சங்கு. நிலம் வைத்திருப்பவன் தர்மகர்த்தா போல நடந்துகொள்ள வேண்டும் என்ற காந்தியின் பேச்சையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். ராஜாஜியைப் பற்றி இதையும் சொல்லவேண்டும்: 1952-இல் முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவர் அரசுதான். கம்யூனிஸ்டுகள் வளர்ந்துவிடுவார்கள் என்ற பயம் பாதி என்பார்கள். பயமோ நியாயமோ, பழமைவாதி ஒருவர் நினைத்தால் செய்யமுடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் 1959-க்குப் பிறகு அவர்கள் வாயில் வந்த ‘விவசாயி’ யார்? நிலம் உள்ளவன். நிலத்தில் இறங்கி நாற்று நட்டவள் அந்தச் சொல்லுக்குள் வரவேயில்லை.

அரசியல் சட்டத்திலும் இதே இழுபறி. சொத்துரிமையை அடிப்படை உரிமையாக்கிய 31-ஆம் பிரிவைப் பற்றி அம்பேத்கர் 1955-இல் மாநிலங்களவையில் பேசும்போது, அது எங்கள் வரைவே இல்லை, அதற்கு நானும் வரைவுக்குழுவும் பொறுப்பேற்க முடியாது என்று சொன்னார். நேரு ஒரு பக்கம், படேல் ஒரு பக்கம், பந்த் ஒரு பக்கம் இழுத்ததில் வந்த சமரசம் அது என்றார். சட்டத்தை எழுதியவர் அம்பேத்கர் என்று மாலை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. பிறகு 1967-இல் கோலக்நாத் வழக்கில், ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்த பஞ்சாப் குடும்பம் ஒன்றின் மனுவின்மேல், பாராளுமன்றம் அடிப்படை உரிமைகளில் கைவைக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், சுதந்திராக் கட்சியின் பெரும்பகுதி 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்து, அது ஜனதாவில் கரைந்து, அந்த ஜனதா அரசுதான் 1978-இல் 44-ஆம் திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்தது. இன்று அது 300-அ பிரிவில் சாதாரணச் சட்ட உரிமையாக இருக்கிறது. ஆனாலும் ஊரில் ஒரு வரப்புகூட நகரவில்லை.

நீதிமன்றம் சொத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு வெண்மணி போதும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்தார்கள். கேட்டது கூலி. 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் ஒன்று: இவர்கள் ஏராளமான நிலம் உடைய பணக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். நிலம் வைத்திருந்ததே நிரபராதி என்பதற்குச் சாட்சி. சொத்து மனிதனுக்கு ஒழுக்கத்தைத் தரும் என்கிற பழமைவாதத் தத்துவம் இப்படித் தீர்ப்பாக வந்து நம்மிடம் நின்றது.

இங்கே இடதுசாரித் தோழர்கள் குறுக்கிடுவார்கள். தனிச்சொத்தே கேடு என்கிறபோது எதற்கு ஆளுக்கொரு பட்டா கேட்டுப் போராடுகிறீர்கள்? அம்பேத்கரே 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் விவசாயத்தை அரசுடைமையாக்கச் சொன்னவர்தானே, நிலப்பிரபுவும் இல்லை, குத்தகைக்காரனும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்று கூட்டுப்பண்ணை கேட்டவர்தானே? உண்மை. துண்டு நிலம் தீண்டப்படாதவர்களைக் கரையேற்றாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, என் ஆயாவுக்குத் தெரிந்தது போல. ஆனால் நாட்டில் எல்லாருடைய நிலமும் தனிச்சொத்தாக இருக்கும்போது சேரிக்கு மட்டும் சொத்து மறுப்புத் தத்துவம் சொல்லித்தருவதை நான் ஏற்கமாட்டேன். 1961-இல் வந்த உச்சவரம்புச் சட்டம் 30 ஏக்கர் என்றது, 1970-இல் 15 என்று குறைத்தது. பினாமிப் பேரிலும் அறக்கட்டளைப் பேரிலும் மீதி எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். அவர்கள் எல்லாரும் விட்டுக்கொடுக்கிற அன்றைக்கு நாங்களும் எங்கள் 1 ஏக்கர் 40 செண்டைக் கொண்டுவந்து வைக்கிறோம். அதுவரைக்கும் பட்டா வேண்டும். அதுவும் பெண்கள் பேரில் வேண்டும், குடித்துவிட்டுக் கைநாட்டு வைக்காத கையில். இதற்குச் சேரியிலேயே எதிர்ப்பு இருக்கிறது. அதை இன்னொரு கட்டுரையில்தான் எழுதமுடியும்.

எங்கள் வழக்கு நிற்கிற இடம் இது. எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, எங்கள் ஊர் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்களுக்கு எதிரே இருந்த ‘டி.சி.’ என்ற குறிப்பு ஏறவில்லை. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பழைய பதிவேடு சிதிலமடைந்திருப்பதால் வழங்க இயலவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறோம். ஆயாவின் தகரப்பெட்டியில் பழைய தீர்வை ரசீது ஒன்று இருந்தது. அதில் தாத்தாவின் அப்பா பெயரும் சாதியும் புல எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. ஓரம் கரையான் அரித்துத் தேதி போய்விட்டது. வக்கீல் அதன் நகலை மனுவோடு சேர்த்திருக்கிறார். கிழக்குத் தெருப் பதினாலு குடும்பமும் தனியாக ஒரு மனுப் போட்டிருக்கிறது, வீட்டு வரி ரசீதுகளோடு. இரண்டு மனுவும் ஒரே அதிகாரியிடம்தான் போகின்றன.